சீசாவில் பாதி, பதிவேட்டில் மீதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தியப் பெருங்கடலின் அடித்தரையில் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளைப் பற்றி நம் நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. நிக்கல், செம்பு, கோபால்ட் என்று உலோகக் கணக்கும் கூடவே வருகிறது. ஆழ்பெருங்கடலிலிருந்து இந்த உருண்டைகளை முதலில் மேலே கொண்டுவந்தது 1873இல், பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல். அந்தப் பயணத்தில் அள்ளிய மண்ணும் கல்லும், அப்போது எழுதிய தாள்களும் 150 ஆண்டு கடந்தும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. கடலடிப் படிவுகளில் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகப் புவியியல் துறையின் காக்பர்ன் அருங்காட்சியகத்தில் ஒரு பங்கு உண்டு. கடிதங்கள், குறிப்பேடுகள் பல அதே பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. நம் கல்லூரிகளின் புவியியல் துறைகளிலும் கடலடி மாதிரிகள் சேர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு சேலஞ்சர் சேகரிப்பு கற்றுத்தருவது நிறைய. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

சேலஞ்சர் ஒரு போர்க்கப்பல். இரண்டு பீரங்கிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இறக்கி, அந்த இடத்தில் ஆய்வகங்களும் கயிறும் சீசாக்களும் ஏற்றப்பட்டன. 1872 டிசம்பரில் புறப்பட்டு 1876 மே 24இல் திரும்பியது. கடந்த தூரம் 68,890 கடல் மைல். எடின்பரோ பேராசிரியர் வைவில் தாம்சன் அறிவியல் குழுவின் தலைவர். ஜான் மரே கடலடிப் படிவுகளையும், ஜான் யங் புக்கானன் வேதியியலையும் கவனித்தார்கள். 362 நிலையங்களில் நின்று நின்று ஆழம், வெப்பநிலை, அடித்தரை மண், உயிரினங்கள் ஆகியவற்றை எடுத்தார்கள். 1880 முதல் 1895 வரை 50 தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. தாம்சன் 1882இல் இறந்தபின் அந்தச் சுமையைத் தூக்கி முடித்தவர் மரே.

மாதிரி எடுத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீசாவில் ஒட்டிய சீட்டில் இருக்கும் எண்களின் பொருள் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆழம் பார்க்கச் சணல் கயிறு. அதன் நுனியில் ஒரு குழாய், குழாயைச் சுற்றி இரும்பு எடைகள். அடித்தரையைத் தொட்டதும் எடைகள் கழன்று அங்கேயே தங்கிவிடும். குழாய் மட்டும் உள்ளே அடைந்த மண்ணோடு மேலே வரும். ஆயிரக்கணக்கான அடி கயிறு தன் எடையிலேயே இறங்கிக்கொண்டிருக்கும்போது, குழாய் தரையைத் தொட்டது கைக்குத் தெரியாது. ஆகவே 100 பாகம் கயிறு ஓட எத்தனை நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டே வருவார்கள். திடீரென்று வேகம் குறைந்தால் தரை வந்துவிட்டது என்று பொருள். பாகம் என்று இங்கே சொல்வது, நம் கடற்கரையில் இரு கைகளையும் விரித்து அளக்கும் அதே அளவுதான். ஆங்கிலேயர் கணக்கில் ஒரு பாகம் 1.8288 மீட்டர். 1875 மார்ச் 23இல் மரியானா பகுதியில், 225ஆம் நிலையத்தில் கிடைத்த 4,475 பாகம் இன்றைய கணக்கில் 8,184 மீட்டர்.

பழைய சீட்டுகளில் அலகே எழுதாமல் எண் மட்டும் இருக்கும். அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு கணினியில் ஏற்றினால் ஆழம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆழம் பாதியானால் மண்ணின் வகையே பொருந்தாது. சுண்ணாம்பு ஓடுகள் நிறைந்த குளோபிஜெரினா சேறு ஓர் ஆழத்துக்குக் கீழே மறைந்து செங்களியாகிவிடுகிறது. ஓடுகளை ஆழ்நீர் கரைத்துவிடுவதே காரணம். மரேயும் ரெனாரும் 1891இல் வெளியிட்ட கடலடிப் படிவுத் தொகுதியின் வகைபிரிப்பே இந்த ஆழக் கணக்கை ஒட்டித்தான் நிற்கிறது. செங்களி என்று எழுதிய சீசாவில் 2,600 மீட்டர் என்று கண்டால், மண்ணைச் சந்தேகிக்கும் முன் அலகைச் சந்தேகிக்க வேண்டும்.

நிலைய எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. பயணத்தின் தொடக்கச் சோதனை நிலையங்களுக்கு ரோமன் எண்கள் கொடுத்தார்கள். 1873 பிப்ரவரி 15இல் டெனெரிஃப் தீவுக்குத் தெற்கே சாதாரண எண்களில் 1 என்று மறுபடி தொடங்கி, 1876 மே மாதம் 354இல் முடித்தார்கள். ரோமன் ஐந்தும் சாதாரண ஐந்தும் வெவ்வேறு இடங்கள். பதிவேட்டைப் பெயர்த்து எழுதுபவர் 'சீராக இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் ஒரே வகை எண்ணாக மாற்றினால், இரண்டு மாதிரிகள் ஒரே நிலையத்தில் போய் விழும். அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. 180 பாகைக் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடந்த கப்பல் என்பதால் கிழக்கா மேற்கா என்ற ஓரெழுத்தும், ஒரு நாள் கூடவோ குறையவோ வரும் தேதியும் கவனத்துக்குரியவை. ஆகவே பழைய சீட்டில் உள்ளதை உள்ளபடியே, எழுத்துப் பிழையோடு ஒரு கட்டத்தில் ஏற்றுங்கள். நாம் திருத்திப் புரிந்துகொண்டதை அடுத்த கட்டத்தில் தனியாக எழுதுங்கள். ஒன்றின்மேல் ஒன்றை எழுதவே கூடாது.

மாதிரிகள் ஏன் சிதறின என்பதையும் சொல்லிவிடுகிறோம். பயணம் முடிந்ததும் எடின்பரோவில் ஓர் அலுவலகம் திறந்து, எல்லாவற்றையும் வகை பிரித்து, உலகெங்கும் இருந்த வல்லுநர்களுக்கு அனுப்பினார்கள். ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிரிகளின் கூடுகள் ஜெர்மனிக்கு, உயிரியலாளர் ஹெக்கலிடம் போயின. திரும்பி வந்தவற்றில் பெரும்பகுதி லண்டனுக்கு, உபரிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்கு. ஆகவே ஒரே குழாயில் வந்த ஒரு பிடி மண் இன்று ஓரிடத்தில் உலர்பொடியாகவும், இன்னோரிடத்தில் கண்ணாடித் தகடாகவும், மூன்றாம் இடத்தில் குறிப்பேட்டு வரியாகவும் இருக்கிறது. இவற்றை மறுபடி கூட்டிவைக்கக் கையில் இருக்கும் ஒரே கயிறு நிலைய எண்.

தாள் இல்லாமல் மாதிரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சேகரிப்பே சான்று வைத்திருக்கிறது. 1868இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி, ஸ்பிரிட்டில் பல ஆண்டு கிடந்த கடலடிச் சேற்றில் கூழ் போன்ற ஒன்றைக் கண்டு, ஆதி உயிர்ப்பொருள் என்று கருதி பாத்திபியஸ் என்று பெயரிட்டார். கடலடி முழுக்க அந்த உயிர்க்கூழ் பரவியிருக்கிறது என்றுகூடப் பேசினார்கள். சேலஞ்சரில் புதிதாக அள்ளிய சேற்றில் அது தென்படவேயில்லை. ஸ்பிரிட் ஊற்றி வைத்த சீசாக்களில் மட்டும் தென்பட்டது. புக்கானன் ஆராய்ந்தார். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியம் சல்ஃபேட்டை ஸ்பிரிட் கூழாகப் படியவைக்கிறது. உயிர் ஏதும் இல்லை. 1875இல் ஹக்ஸ்லியும் தவற்றை ஒப்புக்கொண்டார். எந்தச் சீசாவில் எது ஊற்றப்பட்டது, என்று ஊற்றப்பட்டது என்ற குறிப்பு இருந்ததால்தான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

இன்னொன்று ராட்சதச் சுறாவான மெகலடானின் பல். தென் பசிபிக்கின் நடுப்பகுதியில் வலை ஒரே இழுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுறாப் பற்களை மாங்கனீசுப் பூச்சோடு கொண்டுவந்தது. டஹீட்டி அருகே கிடைத்த மெகலடான் பற்களின் பூச்சுத் தடிமனை வைத்து, ஒன்றுக்கு 24,000 ஆண்டு, மற்றொன்றுக்கு 11,000 ஆண்டு என்று 1959இல் கணக்குப் போட்டார்கள். அந்தச் சுறா அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தது என்ற கதை இதிலிருந்துதான் கிளம்பியது. இன்றும் காணொளிகளில் ஓடுகிறது. கணக்கில் எடுத்த வளர்ச்சி வேகமே பிழை. ஆழ்கடலில் மாங்கனீசு உருண்டை பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். இடையில் வளர்ச்சி நின்றும் போகும். மெகலடான் அழிந்து 30 லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகிறது.

வெப்பநிலைப் பதிவுகளின் பெருமையும் தாளில்தான் இருக்கிறது. 2012இல் சேலஞ்சர் அளவுகளை கடலில் மிதந்தபடி தானே அளவெடுக்கும் இன்றைய ஆர்கோ மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டதில், கடலின் மேல் 700 மீட்டர் சராசரியாக 0.33 டிகிரி செல்சியஸ் சூடேறியிருப்பது தெரிந்தது. இந்த எண்ணை நம்ப முடிவது, கருவியின் குறைகளும் எழுதிவைக்கப்பட்டிருப்பதால். அந்த வெப்பமானி இறங்கும் வழியில் கண்ட மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும்; இறங்கி நின்ற இடத்தின் வெப்பத்தை அல்ல. மேலே குளிராகவும் கீழே சற்று வெதுவெதுப்பாகவும் உள்ள துருவப் பகுதிகளில் அது ஏமாற்றும். நீரழுத்தம் கண்ணாடியை நெருக்கிக் காட்டும் பிழையை எடின்பரோவின் இயற்பியலாளர் டெய்ட் பின்னர் தனியாகச் சோதித்தார். கயிறு நேராக இறங்காமல் சாய்ந்தால், கயிற்றின் நீளத்தைவிட உண்மை ஆழம் குறைவு. அதாவது ஆழமற்ற, சற்றுச் சூடான நீரை அளந்துவிட்டு அதிக ஆழம் என்று எழுதியிருப்பார்கள். ஆகவே பழைய கடல் பதிவில் உள்ளதைவிடக் குளிர்ந்தே இருந்திருக்கும்; சூடேற்றமும் கணக்கிட்டதைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு. நிலையக் குறிப்பேட்டைத் தூக்கி எறிந்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

இனி, பண்டகத்தில் நாள்தோறும் நடக்கும் கேடுகளுக்கு வருகிறோம். நம் ஊர்ச் சேகரிப்புகளுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது ஓடுகள். ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் கடலுயிரியின் ஓடு சுண்ணாம்பு. மர அலமாரி, குறிப்பாக ஓக் மரம், அசிட்டிக் அமில ஆவியை மெல்ல விடும். பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும் சளைத்தவை அல்ல. ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் ஓட்டின்மேல் வெள்ளையாக ஒரு பொடி பூக்கும். இதைப் பைன் நோய் என்பார்கள். பார்க்கப் பூஞ்சை போலவே இருப்பதால் ஈரத்துணியால் துடைக்கத் தோன்றும். அது பூஞ்சை அல்ல, ஓடே உப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. ஈரம் பட்டால் இன்னும் விரையும். உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, மரப்பெட்டியிலிருந்து எடுத்து, பாலிப்ரொப்பிலீன் பெட்டியில் போட்டு, பவுடர் பூச்சு செய்த இரும்பு இழுப்பறைக்கு மாற்றுவதே வழி. பிவிசி பெட்டி வேண்டாம்.

இரண்டாவது, சேற்றுக்குள்ளேயே இருக்கும் எதிரி. கரையோர நீலச்சேறுகளில் பைரைட் என்னும் இரும்புச் சல்ஃபைடு இருக்கும். அரை ஈரமாகச் சீசாவில் கிடந்தால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகும். அந்த அமிலம் பக்கத்தில் உள்ள ஓடுகளைக் கரைத்து ஜிப்சம் படிகங்களை வளர்க்கும். இது வெறும் பராமரிப்புச் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். 2020இல் சேலஞ்சர் காலத்து மிதவை உயிரி ஓடுகளை டாரா என்னும் பிரெஞ்சு ஆய்வுக்கப்பலின் பயணத்தில் எடுத்த இக்கால ஓடுகளோடு ஒப்பிட்டார்கள். இக்கால ஓடுகள் 76 விழுக்காடு வரை மெலிந்திருப்பதாகக் கண்டார்கள். இத்தகைய ஒப்பீட்டில், ஓடு கடலில் கரைந்ததா, சீசாவில் கரைந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும். சேமிப்பு வரலாறு எழுதப்படாத மாதிரி அந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடும். காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே, அதுவும் ஏற்ற இறக்கமின்றி வைக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் 75, 80 விழுக்காடு என்பது சாதாரணம். பகலில் ஏசி ஓடி மாலையில் நின்றுவிடும் அறையைவிட, ஏசியே இல்லாமல் இறுக்கமான பெட்டியும் சிலிகா ஜெல்லும் உள்ள அறை மேல். தினமும் ஏறி இறங்கும் ஈரம்தான் படிகங்களை வளர்க்கிறது.

மூன்றாவது மாங்கனீசு உருண்டைகள். கடலிலிருந்து வரும்போது அவற்றுக்குள் நிறைய நீர் இருக்கும். உலர்ந்தால் வெடித்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரியும். வெளித்தோற்றம் போனால் பரவாயில்லை என்றால், உள்ளே கனிமமும் மாறுகிறது. 10 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அடுக்கு இடைவெளி உள்ள பூசரைட் என்னும் மாங்கனீசுக் கனிமம், நீரிழந்து 7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி உள்ள பர்னசைட்டாகச் சுருங்குகிறது. பழைய உருண்டையில் பர்னசைட் இருக்கிறது என்று எழுதும் ஆய்வாளர், கடலைப் பற்றியா அலமாரியைப் பற்றியா எழுதுகிறார் என்று யோசிக்க வேண்டும். நிக்கல், செம்பு, இரும்பு அளவுகளுக்கு அந்த உருண்டை இன்றும் நல்ல சான்றே. உலர்ந்ததை மறுபடி நனைக்கக் கூடாது. புதிதாக எடுப்பதில் ஒரு பகுதியைக் கடல்நீர் ஈரத்தோடு மூடி, குளிரில் வைத்துவிடுங்கள். உருண்டையின்மேல் நேரடியாக எண் எழுத வேண்டாம். நுண்துளைகளில் மை இறங்கிவிடும். தூள் உதிரும், அந்தத் தூளையும் அதே எண்ணில் பொட்டலம் கட்டுங்கள்.

செங்களியைத் தகர டப்பாவில் போடுவது இன்னொரு தவறு. அந்தக் களியிலிருந்துதான் மரே காந்தத்தால் விண்துகள் உருண்டைகளைப் பிரித்தெடுத்தார். தகரத்தின் துருவும் காந்தத்தில் ஒட்டும்.

ஸ்பிரிட் சீசாக்களில் முதலில் ஆவியாவது ஆல்கஹால், மிஞ்சுவது தண்ணீர். ஆகவே பாதி குறைந்த சீசாவில் 70 விழுக்காடு ஸ்பிரிட் ஊற்றினால் 70 ஆகாது, 50க்கே வந்து நிற்கலாம். முதலில் அடர்த்தியை அளந்து, பிறகு கணக்குப் பார்த்துக் கூடுதல் வலுவுள்ளதை ஊற்ற வேண்டும். கடையில் கிடைக்கும் நிறமூட்டிய ஸ்பிரிட் கூடவே கூடாது. ஊற்றிய தேதி, வலு, ஊற்றியவர் மூன்றையும் பதிவேட்டில் குறியுங்கள், பாத்திபியஸ் நினைவிருக்கட்டும். 70 விழுக்காடு எத்தனால் 17 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் அது ஆண்டு முழுவதும் அந்த நிலைதான். சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஸ்பிரிட் அலமாரி வைத்திருக்கும் துறைகள் இன்றே நகர்த்த வேண்டும். கண்ணாடி மூடி இறுகிவிட்டால் முறுக்காதீர்கள். கழுத்து உடைந்தால் சீட்டும் சேறும் ஒன்றாகப் போகும்.

நுண்ணோக்கித் தகடுகளைப் படுக்கவைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. மேல்கண்ணாடியை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசின் நம் வெயிலில் இளகி, கண்ணாடி வழுக்கிவிடும்.

தாள்களுக்கு நம்மவர்கள் செய்யும் பெருந்தீங்கு லேமினேஷன். பழைய சீட்டும் குறிப்பேடும் பெரும்பாலும் நம் கடுக்காய் மையைப் போன்ற இரும்பு மையால் எழுதியவை. அந்த மையின் அமிலம் தாளை எழுத்தின் வழியே அரிக்கும். சூடும் பசையும் சேர்த்து மூடினால் பிறகு எந்தச் சிகிச்சையும் செய்ய முடியாது. செல்லோடேப்பும் அப்படித்தான். அமிலமற்ற தாளுறையில் வைத்து, வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் வைத்து, அந்துருண்டை போடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பழைய சீட்டை அகற்றிப் புதியது ஒட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். புதியது பென்சிலில், பழையதன் பக்கத்தில் இருக்கட்டும். பழைய சீட்டின் கையெழுத்து யாருடையது என்பதே சில நேரம் மாதிரி எந்த ஆண்டு எங்கே கைமாறியது என்று சொல்லும்.

ஆய்வுக்குத் துணுக்கு கேட்பவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். பூட்டி வைப்பதற்காக யாரும் கடலில் இறங்கவில்லை. ஆனால் கொடுக்கும்முன் எடை போட்டு, படமெடுத்து, மிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கொடுப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. அரைத்த தூளின் மீதியும் அளவு முடிவுகளும் திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வராத முடிவுக்காகவே அடுத்தவர் மறுபடி துணுக்கு வெட்டுகிறார்.

சேலஞ்சர் நம் கடலுக்குள் வரவில்லை. நன்னம்பிக்கை முனையிலிருந்து கெர்கலென் தீவு வழியாகத் தென்பனியைத் தொட்டு மெல்போர்ன் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கயிறு நம்மை எட்டியது. மரே விட்டுச்சென்ற பணத்தில் எகிப்தின் மபாஹிஸ் கப்பல் 1933, 34இல் அரபிக்கடலை ஆராய்ந்தது. அங்குள்ள ஒரு கடலடி மலைத்தொடருக்கு மரேயின் பெயர். நம் நாட்டின் கவேஷணி ஆய்வுக்கப்பல் 1981 ஜனவரி 26இல் உருண்டைகளை எடுத்தது. பிறகு மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கான கருவிகளை உருவாக்கிவருகிறது. இந்தப் பணிகளில் கிடைக்கும் மண்ணும் கல்லும் இன்னும் நூறாண்டு கழித்து ஒப்பிடத் தேவைப்படும்.

பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெறும்போதும், துறை புதுக் கட்டடத்துக்கு மாறும்போதும்தான் பெரும் இழப்பு நேர்கிறது. சீசாக்கள் ஒரு வண்டியில் ஏறும்; குறிப்பேடுகள் 'பழைய பேப்பர்' என்று வேறு பக்கம் போகும். பல்கலைக்கழகப் பதிவாளர்களையும் துறைத் தலைவர்களையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்: அறையைக் காலி செய்யும் முன் ஒவ்வொரு சீசாவையும் அதன் சீட்டு தெரியும்படியும், அதற்குரிய பதிவேட்டுப் பக்கத்தைச் சேர்த்தும் ஒரே படத்தில் எடுங்கள். கப்பல், நிலையம், தேதி, அகலாங்கு, நெட்டாங்கு, ஆழம், அலகு, எடுத்த கருவி ஆகியவற்றை அன்றே ஏற்றுங்கள். அந்தப் பதிவேட்டையும் சீசாக்களையும் ஒரே வண்டியில், ஒரே பட்டியலில், ஒருவர் கையெழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
புவியியல் சேகரிப்புகளைப் பராமரிக்கும் பணியில் உள்ள வாசகர்கள்